துப்பாக்கி இல்லாத போர்: ஃபௌ-ஜி விளையாட்டும் கல்வானின் நினைவும்

2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 118 கைப்பேசிச் செயலிகளைத் தடைசெய்தது. பப்ஜி மொபைல் அவற்றுள் ஒன்று. விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் தென்கொரியாவைச் சேர்ந்தது எனினும், இந்தியாவில் அதன் கைப்பேசி வடிவத்தை வெளியிட்டுவந்தது சீனாவின் டென்சென்ட். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்ஷய் குமார் தம் ட்விட்டர் பக்கத்தில் ஒரு சுவரொட்டியை வெளியிட்டார். பெங்களூருவின் என்கோர் கேம்ஸ் நிறுவனம் 'ஃபௌ-ஜி' என்னும் அதிரடிக் கைப்பேசி விளையாட்டைக் கொண்டுவரவிருக்கிறது. நிகர வருவாயில் 20 விழுக்காடு 'பாரத் கே வீர்' அறக்கட்டளைக்குச் செல்லும். இது 'ஆத்மநிர்பர் பாரத்' முழக்கத்துக்குத் துணைநிற்கும் முயற்சி. அறிவிப்பின் சாரம் இவ்வளவே. ஆனால் இரு நாள் இடைவெளியில் வந்த இரு செய்திகளையும் நாடு ஒரே செய்தியாகவே படித்தது: பப்ஜி போயிற்று, அதனிடத்துக்கு ஓர் இந்திய விளையாட்டு வருகிறது. அடுத்த ஐந்து மாத எதிர்பார்ப்பும் அதன்பின் எழுந்த ஏமாற்றமும் இந்த வாசிப்பிலிருந்தே முளைத்தன.

பெயரே அந்த வாசிப்பைத் தூண்டியது. 'அச்சமற்ற, ஒன்றுபட்ட காவலர்கள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை என்று சொல்லப்பட்டாலும், சொல்லை முதலில் முடிவுசெய்துவிட்டுத் தொடரைப் பின்னர்ப் பொருத்தினார்கள் என்பதை ஊகிக்க மொழியியல் பயிற்சி தேவையில்லை. இறுதி 'ஜி'க்கு முன் இடப்பட்ட சிறு கோடு, கண்ணுக்கும் காதுக்கும் பப்ஜியை நினைவூட்டுவதற்காகவே நிற்கிறது. இந்தி பேசுபவருக்கு அதே ஒலி 'ஃபௌஜி', அதாவது படைவீரர், என்னும் பொருளையும் தரும். அரபியில் கூட்டத்தைக் குறித்த 'ஃபௌஜ்' பாரசீகத்தின் வழியாக இந்துஸ்தானியில் படையானது. அங்கிருந்து தெற்கேயும் வந்தது. தமிழில் அது 'பவுஞ்சு' என வழங்கியதைத் தமிழ்ப் பேரகராதி பதிந்திருக்கிறது. பவுஞ்சுதார், சுபேதார் போன்ற சொற்கள் நவாபு காலத் தமிழில் அந்நியமானவை அல்ல. கன்னடத்தில் 'பௌஜுதார்' காவல்துறை அதிகாரியைக் குறித்தது. ஆனால் பவுஞ்சு தமிழில் வழக்கொழிந்துவிட்டது. எனவே 2020இல் ஒரு தமிழ் இளைஞரின் காதில் ஃபௌ-ஜி என்னும் பெயர் விழுந்தபோது, படைவீரர் கேட்கவில்லை; பப்ஜியின் எதிரொலி மட்டுமே கேட்டது. வடக்கே சிலேடையாக இருந்த ஒன்று தெற்கே வெறும் எதுகையாகச் சுருங்கியது.

காத்திருப்பின் ஒழுங்கு முழுக்கத் திரைப்படத்தினுடையது. அக்டோபர் 25, தசரா அன்று முன்னோட்டக் காட்சி. நவம்பர் 30 அன்று கூகுள் பிளே ஸ்டோரில் முன்பதிவு. முதல் 24 மணி நேரத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். 2021 ஜனவரி 3 அன்று பாடல். வெளியீடு குடியரசு நாளில். நட்சத்திரத்தின் முகம், பண்டிகைநாள் முன்னோட்டம், பாடல் வெளியீடு, விடுமுறை நாள் திரையீடு என்னும் இந்த வரிசையை இந்தியப் பார்வையாளர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சர்ச்சைகளும் திரைத்துறைக்குரியனவாகவே இருந்தன. சுவரொட்டிப் படம் வேறோர் இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பலர் சுட்டிக்காட்ட, அது உரிமைக் கட்டணம் செலுத்திப் பெறப்பட்ட படம் என்று நிறுவனம் விளக்கியது. கருத்து யாருடையது என்பது குறித்து ஒரு வதந்தி பரவியது. அதையும் நிறுவனம் மறுத்தது. விளையாட்டின் ஒரு நொடியைக்கூட எவரும் ஆடிப் பார்த்திராத காலத்தில், விவாதம் சுவரொட்டியைப் பற்றித்தானே இருக்க முடியும்?

இடையில் எதிர்பாராத ஒரு திருப்பம் நிகழ்ந்தது. நவம்பர் 12 அன்று பப்ஜி நிறுவனம், இந்தியாவுக்கென்றே தனி வடிவம் ஒன்றை உருவாக்கப்போவதாகவும் தாய் நிறுவனமான கிராஃப்டனுடன் சேர்ந்து 10 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்யப்போவதாகவும் அறிவித்தது. அதே மாதத்தில் பப்ஜி இந்தியா என்னும் பெயரில் ஒரு நிறுவனம் பதிவாயிற்று. பதிவு முகவரி பெங்களூரு. சுதேசி மாற்று உருவாகிக்கொண்டிருந்த ஊரிலேயே, மாற்றப்பட வேண்டிய விளையாட்டும் கடைவிரிக்க இடம் பார்த்தது. 1997இல் துருவா இண்டராக்டிவ் தொடங்கப்பட்ட காலம்முதல் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு வேலைசெய்து கொடுத்துத் தேர்ந்த நகரம் அது. தொழிலின் கணக்கில் இதில் முரண் ஏதுமில்லை.

ஜனவரி 26 அன்று விளையாட்டு வெளிவந்தது. களம் கல்வான் பள்ளத்தாக்கு. இந்திய வீரர் ஒருவர் தம் குழுவிலிருந்து பிரிந்து, மலைச்சரிவுகளில் எதிர்ப்படும் எதிரிகளோடு தனியே மோதிக்கொண்டு முன்னேறுகிறார். கையில் துப்பாக்கி இல்லை. முட்டி, உதை, எதிரியிடமிருந்து பறித்த தடி, முள் பதித்த கதை. ஆயுதம் சில அடிகளுக்குப் பின் உடைந்துவிடும். வேறொன்றைப் பறிக்க வேண்டும். நூறு பேர் ஒரு தீவில் இறங்கிக் கடைசி ஒருவராக எஞ்சும் பேட்டில் ராயல் வகையை எதிர்பார்த்தவர்களுக்கு, எண்பதுகளின் நாணய இயந்திரங்களில் பிறந்த அடிதடி வகை வந்துசேர்ந்தது. குழுவாக ஆடும் வசதியும் அன்று இல்லை. மதிப்பீடுகள் கடுமையாக இருந்தன. ஒரே அசைவுகள், ஒரே எதிரிகள், ஒரே பாறைகள் என்ற குறைகள் நியாயமானவை. ஆனால் மிகுதியாகக் கேலிக்குள்ளானது அவற்றில் எதுவும் அன்று. 'படைவீரன் விளையாட்டில் துப்பாக்கி எங்கே?' என்னும் கேள்விதான் ஊர் ஊராகச் சுற்றியது.

விளையாட்டு வரலாற்றுக்கு உண்மையாக இருந்த ஒரே இடம் அதுதான்.

1996 நவம்பர் 29 அன்று இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு, மெய்க் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எத்தரப்பும் சுடக்கூடாது, வெடிபொருள்களைப் பயன்படுத்தக்கூடாது, துப்பாக்கி கொண்டு வேட்டையாடவும் கூடாது என்கிறது. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் மோதல் கற்களாலும் தடிகளாலும் ஆணி பதித்த கம்பிகளாலும் நடந்ததற்கு இந்தப் பின்னணி உண்டு. வீரர்கள் ஏன் ஆயுதமின்றி அனுப்பப்பட்டார்கள் என்று ராகுல் காந்தி கேட்டபோது, வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் ஜூன் 18 அன்று அளித்த விடை இதுவே: அவர்களிடம் ஆயுதங்கள் இருந்தன, நேருக்கு நேர் நிற்கும்போது துப்பாக்கியைப் பயன்படுத்தாமை 1996, 2005 உடன்படிக்கைகளின்படி நெடுநாள் வழக்கம். அதாவது ஜூன் மாதத்தில் நாடாளுமன்ற அரசியலின் கேள்வியாக இருந்தது, ஜனவரியில் விளையாட்டு ஆர்வலர்களின் கேலியாகத் திரும்பி வந்தது. ஏழே மாதத்தில் விடை மறந்துபோயிருந்தது. சீனத் தயாரிப்பு எனப் பப்ஜி தடைசெய்யப்படுவதற்குக் காரணமான எல்லைப் பதற்றம் கல்வானில் முற்றியதே என்பதும், கல்வானில் ஏன் குண்டு வெடிக்கவில்லை என்பதும் ஒரே கதையின் இரு பகுதிகள். முதல் பகுதி எல்லோர்க்கும் தெரிந்திருந்தது.

எனினும் வரலாற்றுக்கு உண்மையாக இருந்ததற்காக உருவாக்குநர்களை முழுதும் பாராட்டிவிடவும் முடியாது. விளையாட்டில் வீரரின் உயிராற்றல் குறைந்தால், வழியில் எரியும் நெருப்பின் அருகே அமர வேண்டும். சில நொடிகளில் உடல் தேறிவிடும். காணொளி விளையாட்டுகளில் இது பழகிய உத்தி. வேறெந்தக் களத்திலும் இதற்குப் பொருளேதும் இராது. கல்வானில் உண்டு. 2020 ஜூன் 16 அன்று மதியம் இராணுவம் ஓர் அதிகாரியும் இரு வீரர்களும் இறந்ததாக அறிவித்தது. அன்றிரவு வெளியிட்ட அறிக்கை, கடுமையாகக் காயமுற்று, உயரமான மலைநிலத்தில் உறைநிலைக்குக் கீழான குளிரில் கிடக்க நேர்ந்த 17 பேர் உயிரிழந்ததாகவும் மொத்த எண்ணிக்கை 20 என்றும் கூறியது. இருபதில் பதினேழு பேரின் இறப்பில் குளிருக்குப் பங்கு இருந்தது என்பது அரசாவணமே சொல்லும் செய்தி. அந்தப் பள்ளத்தாக்கை மீட்டுருவாக்கிய விளையாட்டில், நடக்க நடக்க நெருப்பு எரிகிறது.

முதலில் அறிவிக்கப்பட்ட மூவருள் ஒருவர் ஹவில்தார் பழனி. இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டாரத்தின் கடுக்கலூரைச் சேர்ந்தவர். 2021 குடியரசு நாளையொட்டி வெளியான விருதுப் பட்டியலில் கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்கரமும், பழனி உள்ளிட்ட ஐவருக்கு வீர சக்கரமும் அறிவிக்கப்பட்டன. அதே குடியரசு நாளில் ஃபௌ-ஜி பதிவிறக்கத்துக்கு வந்தது. ஆங்கிலம், இந்தி, தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் ஆடலாம் என்றிருந்ததால், பழனியின் ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் மொழியிலேயே கல்வானை ஆட முடிந்தது. (பெங்களூரு நிறுவனம் ஒன்றின் முதல் மூன்று மொழிகளில் கன்னடம் இல்லாதது தனியே பேசத்தக்கது. சந்தையின் மொழிக்கணக்கு வேறு, மண்ணின் மொழிக்கணக்கு வேறு.)

இறந்தோரின் குடும்பங்கள் வாழும் காலத்திலேயே அவர்கள் இறந்த நிகழ்வை விளையாட்டாக்கலாமா என்னும் கேள்வி உலகுக்குப் புதிதன்று. 2004இல் ஈராக்கின் ஃபலூஜா நகரில் நடந்த போரைக் களமாகக் கொண்ட 'சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா' என்னும் விளையாட்டு 2009 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டபோது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீரர்களின் குடும்பத்தினரிடமிருந்தும் முன்னாள் படையினரிடமிருந்தும் எழுந்த எதிர்ப்பால், வெளியிடவிருந்த ஜப்பானிய நிறுவனமான கொனாமி அம்மாதமே விலகிக்கொண்டது. போர் முடிந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தும் அது மிக விரைவு என்று தோன்றியது. கல்வானுக்கும் ஃபௌ-ஜிக்கும் இடையே ஏழு மாதம். அறிவிப்புக்கோ மூன்றே மாதம் கூட ஆகவில்லை. இங்கு அந்தக் கேள்வி ஏறத்தாழ எழவே இல்லை. வருவாயில் ஒரு பங்கு வீரர்களின் குடும்பங்களுக்கு என்னும் அறிவிப்பு அக்கேள்வியைத் தொடக்கத்திலேயே தணித்திருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், பப்ஜிக்கு ஈடாகுமா ஆகாதா என்னும் விவாதம் முழு இடத்தையும் அடைத்துக்கொண்டதுதான்.

போரை உடனே கலையாக்குவது இம்மண்ணுக்கு அயலானது என்று சொல்லவும் இயலாது. கருணாகரத் தொண்டைமானின் கலிங்க வெற்றியைச் சயங்கொண்டார் பரணியாக்கினார். அதில் பேய்கள் கூழ் அட்டு உண்கின்றன, வென்றவன் புகழ் ஓங்குகிறது. பரணி வென்றவனின் இலக்கியம். அதற்கு நேரெதிரே நிற்பது நடுகல். தொல்காப்பியம் புறத்திணையியலில் கல்லைக் காண்பதுமுதல் வாழ்த்துவதுவரை அதற்குத் துறைகள் வகுத்தது. கல்லில் பொறிக்கப்படுவது வீழ்ந்தவனின் பெயரும் பீடும். பெங்களூருவின் பெயரே இப்படியொரு கல்லால்தான் வரலாற்றில் நுழைகிறது. நகரின் தென்பகுதியில், பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பழங்கன்னட வீரக்கல் 'பெங்களூருப் போர்' ஒன்றைக் குறிப்பிட்டு, நாகத்தரனைச் சார்ந்த புட்டணசெட்டி அதில் இறந்தான் என்கிறது. அப்போர் யாருக்கும் யாருக்கும் நடந்தது, யார் வென்றார் என்பன இன்று தெளிவாக இல்லை. இறந்தவனின் பெயர் மட்டும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

ஃபௌ-ஜியை இவ்விரு மரபுகளில் எதனோடு சேர்ப்பது? முழக்கத்தில் அது பரணி. அறக்கட்டளைக்கான பங்கில் நடுகல்லின் சாயல் உண்டு. கதையிலோ ஒரு தனி வீரன் பலரை வீழ்த்திக்கொண்டே போகிறான். கல்வானில் நடந்தது, கும்மிருட்டில், ஆற்றங்கரையில், பலர் பலரோடு கைகலந்த மோதல். அதைத் தனிநாயகனின் சண்டைக்காட்சியாக மாற்றியது கைப்பேசியின் வரம்பன்று, திரைப்படத்தின் பழக்கம். ஐந்து மாதம் திரைப்பட வரிசையில் காக்கவைத்த விளையாட்டு, உள்ளேயும் திரைப்படமாகவே இருந்தது.

2021 பிப்ரவரி 19 அன்று சீனா, கல்வானில் தன் தரப்பில் நால்வர் இறந்ததை முதன்முறையாக ஒப்புக்கொண்டு அவர்களின் பெயர்களை வெளியிட்டது. அதற்குள் ஃபௌ-ஜி பற்றிய பேச்சு ஓய்ந்துவிட்டிருந்தது. ஜூலை 2 அன்று பப்ஜி, 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்னும் பெயரில் திரும்பி வந்தது. ஃபௌ-ஜி என்னும் பெயரும் மறையவில்லை: 2025 தொடக்கத்தில் 'ஃபௌ-ஜி டாமினேஷன்' வெளிவந்தது. அது குழுவாக ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. களங்கள் இந்திய நகரங்களின் சாயலில் அமைந்தவை.