கண்ணீர் அஞ்சலிக்கு என்ன வாசகம் போடணும்?

மூணு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி விருத்தாசலத்துல ஒரு ஃப்ளெக்ஸ் கடை வாசல்ல நானும் இன்னும் ரெண்டு பசங்களும் நின்னுக்கிட்டிருந்தோம். எங்ககூட இன்ஜினியரிங் படிச்சவன் அன்னிக்கு மத்தியானம் பைக் விபத்துல போயிட்டான். கடைக்காரர் போட்டோவை எல்லாம் ஏத்தி முடிச்சுட்டு, "வாசகம் என்ன போடணும் தம்பி?"ன்னு கேட்டார்.

நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தவன். எனக்கு ஒரு வரி வரலை. அவரே பாவப்பட்டு கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, நண்பனுக்குன்னு தனித்தனியா ரெடிமேட் வாசகங்கள். "ஃப்ரெண்டுன்னா இதான் தம்பி ஜாஸ்தி போகும்"னு ஒண்ணைச் சொன்னார். சரின்னு தலையாட்டினேன். கீழே எங்க பேர் வரிசையில என் பேர்ல ஒரு எழுத்துப்பிழை இருந்துச்சு. அதை மட்டும் ரொம்பக் கவனமாத் திருத்தச் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் உறுத்துற விஷயம் அது.

சென்னைக்குத் திரும்பி வர்ற பஸ்ல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு பாட்டு வச்சேன். "ஐ'ல் பி மிஸ்ஸிங் யூ". செத்துப்போன சிநேகிதனுக்காகப் பாடின ராப் பாட்டு. 1997-ல வந்தது, அதாவது நான் பிறந்த வருஷம். அப்புறம்தான் அந்தப் பாட்டோட ஜாதகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட அதுவும் ஃப்ளெக்ஸ் கடை கதை மாதிரியே இருந்துச்சு :-)

1997 மார்ச் 9. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு பார்ட்டி முடிஞ்சு கார்ல கிளம்பின நொட்டோரியஸ் பி.ஐ.ஜி-யை யாரோ சுட்டுட்டாங்க. 24 வயசு. ஆறு மாசம் முன்னாடிதான், 1996 செப்டம்பர்ல, டூபாக் ஷகுர் இதே மாதிரி சுடப்பட்டுச் செத்திருந்தார். பி.ஐ.ஜி-யைத் தூக்கிவிட்ட தயாரிப்பாளர், சிநேகிதர், முதலாளி எல்லாமே பஃப் டாடிங்கிற சீன் கோம்ப்ஸ். மே மாசமே அஞ்சலிப் பாட்டு வெளிய வந்தாச்சு. கூடப் பாடினது பி.ஐ.ஜி-யோட மனைவி ஃபெயித் எவன்ஸும் 112-ங்கிற குழுவும். பில்போர்ட் பட்டியல்ல நுழையும்போதே முதலிடம். ராப் பாட்டுல அதுக்கு முன்னாடி எதுவும் அப்படி நுழைஞ்சதில்லை. 11 வாரம் அங்கேயே உக்காந்திருந்துச்சு. அடுத்த வருஷம் கிராமி விருதும் வாங்குச்சு.

சரி, அதுல பஃப் டாடியோடது எது? மெட்டு, 1983-ல போலீஸ் குழு போட்ட "எவ்ரி பிரெத் யூ டேக்". எழுதினவர் ஸ்டிங். அது காதல் பாட்டே இல்லை, விட்டுட்டுப் போனவளைக் கண்காணிக்கிற ஒருத்தனோட பாட்டுன்னு ஸ்டிங்கே பல தடவை சொல்லியிருக்கார். அந்த மெட்டுதான் சாவுப் பாட்டாச்சு. நடுவுல ஒரு பழைய சர்ச் பாட்டோட சாயலும் வரும். சரி, பஃப் டாடி வாயால சொல்ற அந்த உருக்கமான வரிகளாவது அவரோடதான்னு பார்த்தா, அதை எழுதிக் குடுத்தது சாஸ் மணின்னு இன்னொரு ராப்பர்! முன்கூட்டி அனுமதி வாங்காம மெட்டை எடுத்ததால எழுத்துரிமைப் பணம் ஸ்டிங்குக்குப் போச்சு. பாட்டு முழுக்கக் கேக்குதே அந்தக் கிடார், அதை வாசிச்சவர் ஆண்டி சம்மர்ஸ். எழுதினவர் பட்டியல்ல அவர் பேர் இல்லை.

சிநேகிதனுக்கு அழறதுக்கு மெட்டு ஒருத்தரோடது, வரி ஒருத்தரோடது, கிடார் ஒருத்தரோடது. சொந்தமா இருந்தது துக்கம் மட்டும்தான். அந்தத் துக்கத்தையே சந்தேகப்படுறவங்களும் உண்டு. 2025-ல சீன் கோம்ப்ஸுக்கு நியூயார்க் கோர்ட் வேற வழக்குல 50 மாசம் தண்டனை குடுத்தது. அதுக்கப்புறம் அந்தப் பாட்டை முன்ன மாதிரி கேக்க முடியலைங்கறது வேற கதை. பாட்டு என்ன பண்ணும் பாவம்.

2015-ல வந்த "சீ யூ அகெய்ன்" ஞாபகம் இருக்கும். கார் விபத்துல செத்த நடிகர் பால் வாக்கருக்காக "ஃப்யூரியஸ் 7" படத்துல வந்த பாட்டு. அதோட பல்லவியை எழுதின சார்லி புத், பைக் விபத்துல போன தன்னோட சொந்த சிநேகிதனை நினைச்சுத்தான் எழுதினாராம். ஊரே பால் வாக்கருக்காக அழுதுச்சு, அவர் மட்டும் வேற யாருக்கோ. இதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

இந்த இடத்துல திருக்கோவிலூர் போகணும். காரணம் இருக்கு.

விருத்தாசலத்துல இருந்து உளுந்தூர்பேட்டை போய் அங்கிருந்து வடக்கே போனா திருக்கோவிலூர். ரெண்டாவது வருஷ லீவுல அவன் என்னைப் பைக்ல கூட்டிட்டுப் போனான். தென்பெண்ணை ஆத்துக்குள்ள ஒரு பாறை, மேல சின்னதா ஒரு கோயில். கபிலர் குன்று. "சிநேகிதன் செத்ததுக்கு உயிரை விட்டாராம்டா. நீ விடுவியா?"ன்னு கேட்டான். "முதல்ல அரியர் பேப்பரை விடு"ன்னேன். சிரிச்சோம்.

முல்லைக்குத் தேர் குடுத்த பாரி கதை எல்லாருக்கும் தெரியும். பறம்பு மலைக்குத் தலைவன். பிரான்மலைதான் பறம்புன்னு சொல்றாங்க. மூவேந்தரும் சேர்ந்து முற்றுகை போட்டாங்க. கபிலர் அந்த மூணு பேரையும் பாட்டுலயே நக்கல் அடிச்சார்: உழாமலே சோறு போடுற மலைடா இது, மூங்கில் அரிசி, பலா, கிழங்கு, தேன் எல்லாம் கிடைக்கும், வாளால ஜெயிக்க முடியாது, வேணும்னா பாணர் வேஷத்துல வந்து பாடுங்க, மலையையே குடுத்துடுவான்னு (புறநானூறு 109). கடைசியில பாரி செத்தான். ரெண்டு பொண்ணுங்க அனாதை.

தமிழ்ல இதுக்குன்னே ஒரு துறை இருக்கு, கையறுநிலை. பேரே எவ்வளவு சரியா இருக்கு பாருங்க, செய்ய ஒண்ணும் இல்லாத நிலை. ஔவையார் அதியமானுக்குப் பாடினதும் இதுதான். துறைன்னு ஒண்ணு இருந்தாலே ஒரு வார்ப்பு இருக்குன்னு அர்த்தம். ஈகையைச் சொல்லு, இனி யார் குடுப்பான்னு கேளு, உலகம் வெறிச்சோடிப் போச்சுன்னு முடி. சங்க காலத்து ஃப்ளெக்ஸ் கடை ஃபோல்டர்னு சொன்னா தமிழறிஞர்கள் அடிக்க வருவாங்க, ஆனா கொஞ்சம் அப்படித்தான்.

அவன் அப்பாவுக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில வேலை. லீவுல இவனும் போவான். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சுல ஊத்துவாங்க, அச்சு தண்ணியை உறிஞ்சும், ஓரமா ஒரு தோல் கட்டும், மிச்சத்தைக் கவுத்துடுவாங்க. அச்சுல இருந்து எடுத்தா பொம்மை ரெடி, ஆனா ரெண்டு பாதி சேர்ந்த இடத்துல ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டை ஈர ஸ்பாஞ்சு வச்சு அழிக்கிறதுதான் இவன் வேலை. "ஆயிரம் பொம்மையும் ஒண்ணுதான்டா, கோடு மட்டும் ஒவ்வொண்ணுலயும் வேற மாதிரி இருக்கும்"பான்.

கபிலர் பாட்டுல அந்தக் கோடு புறம் 236. அங்கே அவர் பாரியைப் புகழ்றதைவிட அதிகமாச் சண்டை போடுறார். இத்தனை வருஷம் என்னைக் காப்பாத்தினே, கடைசியில நீ மட்டும் போயிட்டு, என்னை 'கூட வராதே, இங்கேயே இரு'ன்னு சொல்லிட்டியே, இதுவா சிநேகிதம், அப்ப நான் உனக்கு ஈடில்லைன்னுதானே அர்த்தம்னு கேக்கறார். அடுத்த பிறவியிலயாவது சேர்த்து வைன்னு விதிகிட்ட சொல்லிட்டு முடிக்கிறார். செத்தவன்கிட்ட கோவப்படணும்னா அவனை உண்மையிலயே தெரிஞ்சிருக்கணும். அந்தக் கோவத்தை எந்த ஃபோல்டர்லயும் எடுக்க முடியாது.

பாரி ஏன் 'இரு'ன்னான்? பாட்டுல காரணம் இல்லை. பொண்ணுங்களுக்காகத்தான் இருக்கணும்னு நான் நினைக்கிறேன். ஏன்னா கபிலர் அடுத்துப் பண்ணது அந்த வேலைதான். ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு விச்சிக்கோன்கிட்ட போனார், கட்டிக்கோன்னு. நடக்கலை. இருங்கோவேள்கிட்ட போனார். அவனும் மறுத்தான். எவ்வளவு பெரிய புலவர், சங்கப் பாட்டுல 200-க்கும் மேல அவர் பேர்ல இருக்கு. அந்த மனுஷன் வாசல் வாசலா நின்னார். (அந்தப் பொண்ணுங்களுக்கு அங்கவை, சங்கவைன்னு பேர் பின்னாடி வந்ததுதான், புறநானூறுல பேரே இல்லை. 2007-ல "சிவாஜி" படத்துல அந்தப் பேரை வச்சு பண்ண காமெடி இப்பவும் எரிச்சலா இருக்கு.)

முடிவுலதான் குழப்பம். புறம் 236-ஓட அடிக்குறிப்பு, பொண்ணுங்களைப் பார்ப்பார்கிட்ட ஒப்படைச்சுட்டு வடக்கிருந்தார்னு சொல்லுது. அதாவது உண்ணாம இருந்து உயிரை விடறது. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில்ல இருக்கற முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு வேற மாதிரி சொல்லுது: பாரி மகளை மலையனுக்குக் குடுத்துட்டு இந்தப் பாறையில தீயில இறங்கினாராம். நடுவுல குறைஞ்சது 800 வருஷம். எது நிஜம்? ஒரு விஷயத்தைக் கவனிங்க. ராஜராஜனோட அம்மா வானவன்மாதேவி இதே மலையமான் குலத்துப் பொண்ணு. கணவர் சுந்தரசோழர் இறந்தப்ப அவங்க தீப்பாய்ஞ்சதையும் அதே கல்வெட்டு பேசுது. அந்தத் தீதான் கபிலர் கதைக்குள்ள பரவிடுச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆராய்ச்சி முடிவெல்லாம் இல்லை, ஒரு சாஃப்ட்வேர்காரனோட யூகம். சார்லி புத் பல்லவியில பால் வாக்கரை எல்லாரும் ஏத்தி வச்ச மாதிரி, ஒருத்தர் துக்கத்து மேல இன்னொருத்தர் துக்கம்.

ரெண்டு கதையும் ஒத்துப்போற இடம் ஒண்ணே ஒண்ணு. பொண்ணுங்களுக்கு ஒரு வழி பண்ணின பிறகுதான் அவர் செத்தார்.

நான் இந்தப் பொங்கலுக்குத்தான் அவன் வீட்டுக்குப் போனேன், மூணு வருஷம் கழிச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாமலே தள்ளிப் போட்டுட்டேன். அம்மா கதவைத் திறந்து, "இப்பதான் வழி தெரிஞ்சுதாப்பா?"ன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. டீ போட்டுக் குடுத்தாங்க. அப்பா இன்னும் அதே தொழிற்பேட்டைக்குத்தான் போறார்.

தங்கச்சி பீங்கான் தொழில்நுட்பம் டிப்ளமோ முடிச்சிருக்கு. டைல்ஸ் கம்பெனின்னா குஜராத் மோர்பிதான், ஆனா தெரியாத ஊருக்கு எப்படி அனுப்பறதுன்னு வீட்ல யோசிக்கிறாங்க. "அண்ணா, உங்களுக்கு அந்தப் பக்கம் யாராவது தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. தெரியாது. கேட்டுச் சொல்றேன்னேன்.

இதுவரைக்கும் ரெண்டு பேர்கிட்ட கேட்டாச்சு. ஒருத்தர் இப்ப ஆள் எடுக்கலைன்னார், இன்னொருத்தர் போனையே எடுக்கலை. இதைப் படிக்கிற உங்கள்ல யாருக்காவது மோர்பியிலயோ, இங்க பக்கத்துல ஏதாவது டைல்ஸ், இன்சுலேட்டர் கம்பெனியிலயோ ஆள் தெரிஞ்சா ஒரு மெயில் தட்டுங்க. ரெஸ்யூமை நான் உக்காந்து சரி பண்ணி வச்சிருக்கேன். இந்தத் தடவை எழுத்துப்பிழை எல்லாம் முழுசாப் பார்த்துட்டேன்.