தன்னாட்சியும் தலைமையும்: யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் சபைகளின் அமைப்பு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஒரு கிறித்தவச் சபையை நடத்தும் உரிமை யாருக்குரியது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, இறையியலாளரின் உள்வீட்டு விவகாரம் போலத் தோன்றும். ஆயின், சபை என்பது நிலமும் கட்டடமும் காணிக்கையும் சம்பளமும் கொண்ட ஒரு சமூக நிறுவனமுமாகும். அதன் தலைமை பற்றிய பிரச்சினையை அதன் பொருளாதார அடித்தளத்திலிருந்தும், அது வேரூன்றிய சமுதாயத்தின் அதிகார உறவுகளிலிருந்தும் பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் பெரும்பாலும் நியூ இங்கிலாந்தின் சபையாட்சி மரபோடு தொடர்புடையவர்கள். 1648இல் மசச்சூசெற்ஸில் வகுக்கப்பெற்ற கேம்பிரிட்ஜ் ஒழுங்குமுறை அம்மரபின் அடிப்படை ஆவணமாகும். அதன்படி ஒவ்வொரு தலச்சபையும் தன்னளவில் முழுமையானது. தன் போதகரைத் தானே தெரிவுசெய்யும். அதற்கு மேற்பட்ட பேராயர் எவருமிலர். மன்னரும் பேராயரும் ஆண்ட இங்கிலாந்துத் திருச்சபைக்கு எதிராக எழுந்த இக்கோட்பாட்டில், வளர்ந்துவந்த நடுத்தர வர்க்கத்தின் சனநாயக வேட்கை பொதிந்திருந்தமை உண்மையே. எனினும் அதனை நாம் மிகைப்படுத்தலாகாது. சபை உறுப்பினரான ஆண்களுக்கே அரசியல் வாக்குரிமை உண்டு என 1631இல் விதித்ததும் அதே மசச்சூசெற்ஸ்தான். 

கடல் கடந்து வந்தபோது இக்கோட்பாடு தன் எதிர்மறையாக மாறிற்று. யாழ்ப்பாணத்திலே தீர்மானங்களை எடுத்தது சபையன்று, மிஷனரிமார் கூட்டமே. அக்கூட்டமும் 1810இல் நிறுவப்பெற்ற அமெரிக்க மிஷன் சங்கத்தின் பொஸ்ரன் தலைமையகத்திலிருந்து வந்த பணத்தையே நம்பியிருந்தது. உபதேசியாரும் ஆசிரியரும் மிஷனின் சம்பளக்காரர். பிறர் பணத்தில் வாழும் ஊழியரைத் தெரிவுசெய்யவோ விலக்கவோ சபையாருக்கு மெய்யான வலு எங்கிருந்து வரும்?

இம்முரண்பாட்டை நன்குணர்ந்தவர் அச்சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன். உள்ளூர்ச் சபைகள் தம்மைத் தாமே ஆளவும், தாமே தாங்கவும், தாமே பரப்பவும் வல்லனவாக வேண்டும் என்னும் மும்மைக் கொள்கையை அவரும், இங்கிலாந்திலே ஹென்றி வென்னும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வகுத்தனர். ஊர்ச்சபைக்கு ஊர்மொழியறிந்த போதகர் வேண்டும். ஆங்கிலக் கல்வியோ இளைஞரை அரசாங்க உத்தியோகத்துக்கே அனுப்புகிறது என்பது அன்டர்சனின் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி போதகரை மட்டும் உருவாக்கவில்லை. உத்தியோகத்தரையும் அறிஞரையும் உருவாக்கிற்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்களே. அவர்களுள் முன்னவர் பின்னர் சைவத்தில் நின்று பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தமை தமிழிலக்கிய வரலாறு அறிந்ததே.

அன்டர்சன் தூதுக்குழுவின் வருகையைத் தொடர்ந்து 1855இல் செமினரி மூடப்பட்டது. நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவே. உள்ளூர்ச் சபைக்குத் தன்னாட்சி வழங்கும் கொள்கையின் பெயரால், உள்ளூரார் பெரிதும் விரும்பிய நிறுவனம் பொஸ்ரனிலிருந்து வந்த முடிவினால் மூடப்பட்டது. அதாவது, தன்னாட்சியே ஆணையாக வந்தது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியபோது உள்ளூர்க் கிறித்தவர் அதற்குக் காட்டிய முனைப்பு, அவ்வாணைக்கு அவர்கள் அளித்த மறுமொழி எனலாம்.

ஆயினும், அந்நியர் அதிகாரம் தளர்ந்தால் சபை தானாகவே சனநாயகமாகிவிடும் எனக் கருதுவது வெகுளித்தனமாகும். தன்னைத் தானே தாங்கும் சபையிலே, தாங்கும் வசதியுடையவரே தலைவராவர். யாழ்ப்பாணச் சூழலில் அவர்கள் நிலமும் கல்வியும் உத்தியோகமும் பெற்ற வேளாளரே. மிஷன் பாடசாலைகளின் பயனை முதலில் அறுவடை செய்தவர்களும் அவர்களே. 1920களின் பிற்பகுதியில் பாடசாலைகளிலே சம ஆசனம் கோரப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, ஒரு நூற்றாண்டுக் கிறித்தவக் கல்வியினாலும் சாதியமைப்பின் அடித்தளம் அசையவில்லை என்பதை உணர்த்திற்று. அக்கோரிக்கைக்குத் துணைநின்ற இளைஞர் காங்கிரஸ் யாழ்ப்பாணக் கல்லூரிச் சூழலிலிருந்தே வளர்ந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒரே நிறுவனம் சாதியைப் பேணுவோரையும் அதனை எதிர்ப்போரையும் ஒருங்கே ஈன்றது.

அடுத்த திருப்பம் 1947. அவ்வாண்டு அங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தனர். இலங்கையின் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் வெளியே நிற்க, அமெரிக்க மிஷன்வழி வந்த சபைகள் யாழ்ப்பாண ஆதீனமாக அதிற் சேர்ந்தன. சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். பேராயரை மறுத்துப் பிறந்த மரபினர் பேராயரை ஏற்றமை முதல் நோக்கில் வியப்பளிக்கும். ஆனால், ஏற்கப்பட்டது பழைய ஆங்கிலேயப் பேராயர் பதவியன்று. பேரவையாலும் சினட்டாலும் வரையறுக்கப்பட்ட பதவியே. அன்றியும், மிஷனரிமார் கூட்டத்தின் இடத்தில் ஒரு தமிழர் தலைவராக அமர்ந்தமை, அரசியல் விடுதலைக் காலத்தின் உணர்வோடு இயைந்தது. எனினும் பழைய வினா தீர்ந்துவிடவில்லை. 2000களில் இவ்வாதீனத்திலிருந்து ஒரு பகுதியினர் பிரிந்து, அமெரிக்க இலங்கை மிஷன் என்ற பழைய பெயரிலேயே தனித் திருச்சபையாக அமைந்தமை அதற்குச் சான்றாகும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? தலச்சபை ஆட்சி, மூப்பர் ஆட்சி, பேராயர் ஆட்சி என்பவற்றுள் எதுவும் தன் இயல்பாலேயே மக்களாட்சியன்று. சொத்தின் கணக்கு யார் கையில் இருக்கின்றது, போதகருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகின்றது, காணிக்கை குறைந்தவருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெண்களுக்கும் தெரிவில் என்ன பங்கு என்பவையே அமைப்பின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். தென்னிந்தியத் திருச்சபையிலே பெண்ணொருவர் முதன்முதலாகக் குருவாக அபிடேகம் பெற்றதோ 1976இல். படிக்கவைத்த சபை தலைமையைப் பகிர ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது. சபையின் சட்டநூலைத் திருத்துவோர் அதன் கணக்குப் புத்தகத்தையும் ஆசன வரிசையையும் உடன்திருத்தாதவரை, தன்னாட்சி என்பது ஆள்வோரின் மாற்றமாக இருக்குமேயன்றி ஆட்சியின் மாற்றமாக இராது.