பொழுதுபோக்கு என்று பெயர் வாங்கிய பறவைகள்

1801இல் மதராசில் சுப்ரீம் கோர்ட் தொடங்கியபோது நீதிபதிகளில் ஒருவராக வந்தவர் ஹென்றி குவில்லிம். அவருடைய மனைவி எலிசபெத்தும், எலிசபெத்தின் தங்கை மேரி சைமண்ட்சும் உடன் வந்தார்கள். மேரி மீன்களை வரைந்தார். எலிசபெத் நம் ஊர்ப் பறவைகளை, பெரும்பாலும் அவற்றின் அசல் அளவிலேயே வரைந்தார்.

நீர்வண்ணம் பொறுமையைக் கேட்கும் வேலை. வெள்ளையைப் பூசுவதில்லை, காகிதத்தின் வெண்மையையே விட்டுவைக்க வேண்டும். பென்சில் கோட்டின்மேல் நீர்த்த வண்ணம், அது காய்ந்தபின் அடுத்த பூச்சு, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு. ஈரத்தில் கைவைத்தால் கலங்கிவிடும். கடைசியில் மெல்லிய தூரிகையால் இறகு இறகாக எழுத வேண்டும். பின்னால் உள்ள புல்லும் நீரும் வெளிறி நின்றால்தான் பறவை முன்னே வரும். அதுவரை உயிருள்ள பறவை அசையாமல் நிற்காது.

இவ்வளவு உழைப்புக்கும் அன்றைய இங்கிலாந்தில் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்றே பெயர். லண்டன் ராயல் அகாடமியை 1768இல் நிறுவியவர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்கள் உண்டு. ஆனாலும், ஆடையற்ற உடலைப் பார்த்து வரையும் வகுப்புக்குள் பெண்களை விடவில்லை. அந்தப் பயிற்சி இல்லாமல் புராண, வரலாற்று ஓவியங்கள் தீட்டுவது கடினம். அவையே உயர்ந்த கலை எனப்பட்டன. அவ்விருவருக்குப் பின் முழு உறுப்பினராக இன்னொரு பெண், லாரா நைட், தேர்வானது 1936இல்தான். பெண்களுக்கென்று ஒதுக்கிய பூவையும் பறவையையும் எலிசபெத் கூர்ந்த ஆய்வாக மாற்றினார்.

1807இல் அவர் மதராசிலேயே இறந்தார். படங்கள் அச்சேறவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, அசல் அளவுப் பறவைகளை அச்சிடத் தொடங்கிய ஆடுபான் உலகப் புகழ் பெற்றார். எலிசபெத்தின் படங்களை 1924இல் லண்டனில் கண்டெடுத்தவர் கேசி வுட். நூற்றுக்கும் மேற்பட்ட அப்படங்கள் இன்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் திருமணத்துக்குப் பின் தூரிகையை மூட்டைகட்டி வைத்த பெண்களை நமக்குத் தெரியும். அவர்கள் வரைந்ததையும் வீட்டார் பொழுதுபோக்கு என்றே சொல்கிறார்கள். எலிசபெத்துக்கு நீதிபதி வீட்டு வசதி இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள், ஓய்வு இருந்தது. பறவைகளை உயிரோடு பிடித்துக்கொண்டுவந்து கொடுத்தவர்கள் இந்த மண்ணின் மக்கள். அவர்களுடைய கண்ணும் கையும் இல்லாமல் அந்தப் படங்கள் இல்லை. எலிசபெத்தின் பெயர் நூறாண்டுக்குப் பிறகாவது மீண்டது. அவர்களுடைய பெயரை எந்தப் படமும் சொல்லவில்லை.