பர்மா வழிநடை, 1942

பர்மா வழிநடை என்பது இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், பர்மாவில் வாழ்ந்த இந்தியர்கள் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்து இந்தியா வந்து சேர்ந்ததைக் குறிக்கும். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் இவ்வாறு வந்ததாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் தமிழர்களும் பெருமளவில் இருந்தனர். வழியில் இறந்தவர்களை யாரும் முறையாக எண்ணவில்லை. பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பாரும் உண்டு.

பின்னணி

1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தனர். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்களே. பர்மா என்றதும் நம்மவர்க்கு நகரத்தார் நினைவுக்கு வருவர். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் குடும்பமும் அங்கே வட்டித் தொழில் நடத்தியதுதான். ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்த தமிழ், தெலுங்குக் கூலித் தொழிலாளர்கள். நடந்தவர்களிலும் அவர்களே அதிகம்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பிரோம் நகரை நோக்கிக் கிளம்பினர். துறைமுக வேலை நின்றுவிடும் என்று அஞ்சிய அரசு அவர்களைத் திரும்ப வரச் செய்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலரே. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் வசமானபின் கடல்வழி அடைபட்டது. மழைக்காலம் தொடங்க இரண்டு மாதமே இருந்தது.

வழிகள்

பிரோமிலிருந்து அரக்கான் மலைத்தொடரைத் தவுங்குப் கணவாய் வழியே கடந்து, கடற்கரையை அடைந்து, படகில் அக்யாப், சிட்டகாங் செல்வது ஒரு வழி. நூறு மைலுக்கு மேற்பட்ட அப்பாதையில் தண்ணீர் அரிது. காலரா பலரைக் கொண்டுபோனது.

பின்னர் பெரும்பாலோர் வந்தது மணிப்பூர் வழியில். மாண்டலே, மோனிவா வழியாகச் சிண்ட்வின் ஆற்றங்கரையில் உள்ள கலேவா. அங்கிருந்து மலேரியாவுக்குப் பேர்போன கபாவ் பள்ளத்தாக்கின் ஊடே தாமு. பிறகு மலையேறிப் பாலேல், இம்பால். கடைசியாகத் திமாப்பூர் ரயில் நிலையம்.

மூன்றாவது, வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியே அஸ்ஸாமின் லெடோவுக்குச் செல்லும் வழி. மே 6 அன்று மிச்சினா விமானத்தளம் தாக்கப்பட்டபின், வேறு போக்கற்றவர்கள் அதில் இறங்கினர். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சேறு, அட்டை, பெருக்கெடுத்த ஆறுகள். ஷிங்புவியாங் என்ற சிற்றூரில் சிக்கியவர்களுக்கு விமானத்திலிருந்து உணவு போடவேண்டியிருந்தது. மார்ச்சில் கிளம்பியவருக்கும் மே மாதத்தில் கிளம்பியவருக்கும் ஒரே காடு ஒரே காடாக இருக்கவில்லை.

அரிசிக் கணக்கு

பள்ளிச் சுற்றுலாவுக்கு மாணவர்களைப் பிச்சாவரம் அழைத்துப் போவதற்கே நாங்கள் ஒரு வாரம் பட்டியல் போடுவோம். இங்கே பட்டியலிட நேரமில்லை. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நடக்கும் ஆளுக்கு நாளைக்கு அரைக்கிலோ அரிசி வேண்டும். இருபது நாளைக்குப் பத்துக் கிலோ. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் குறைந்தது முப்பது கிலோ. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு பாத்திரம், மலையேற்றம். எவ்வளவு முன்யோசனை உள்ள குடும்பமும் இதைச் சுமந்து கரையேற முடியாது. ஒரே ஊரார், ஒரே ஆலையில் வேலை செய்தவர் என்று குழுவாகச் சேர்ந்ததால் சுமையைப் பகிர முடிந்தது, அரிசி கூடவில்லை.

ஆகவே உயிர் பிழைப்பது, வழியில் முகாம் இருக்கிறதா என்பதைப் பொறுத்ததாயிற்று. இந்தியப் பகுதியில் அந்த வேலையின் பெரும்பங்கை இந்தியத் தேயிலைச் சங்கம் ஏற்றது. தோட்டத் தொழிலாளர்களைக் கொண்டு பாதை அமைப்பதும், ஒரு நாள் நடையில் எட்டக்கூடிய தூரத்தில் தங்குமிடம் போட்டுச் சோறும் தேநீரும் தருவதும் அதன் பணிகள். தோட்டங்களுக்கு ஆள் திரட்டிப் பழகியவர்களுக்கு இந்த நிர்வாகம் கைவந்தது. பாதை வெட்டிய தொழிலாளர்களும் சுமை தூக்கிய நாகர்களும் பெயரின்றிப் போனார்கள்.

இரு பாதை

உதவி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. வசதியான பாதை ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஒதுக்கப்பட்டதாகவும், மற்ற இந்தியர்கள் கடினமான பாதையில் அனுப்பப்பட்டதாகவும் புகார் எழுந்தது. மக்கள் அவற்றை ‘வெள்ளைப் பாதை’, ‘கறுப்புப் பாதை’ என்றனர். அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இப்பாகுபாட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஒரே காட்டைக் கடப்பவர்களில் யாருக்கு நிழலும் நீரும் என்று தோல்நிறம் பார்த்து முடிவு செய்ததைப் போர் நெருக்கடி என்று சொல்லித் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

தமிழில் இப்பயணத்துக்கு முக்கியமான நேரடிச் சான்று, ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’. அவரைப் போல எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். கடலூர் முதுநகரில் என் மாணவன் ஒருவனின் பாட்டி, சிறுமியாக நடந்து வந்தவர். எப்போது கேட்டாலும் சொம்பைப் பற்றி மட்டுமே சொல்வார்: வழியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டார்களாம், தண்ணீர்ச் சொம்பை மட்டும் அம்மா விடவில்லையாம். தம்பி பிறந்ததைச் சொல்வார். அவன் ஊர் வந்து சேர்ந்தானா என்பதைச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னாளில்

போர் முடிந்தபின் பலர் பர்மாவுக்குத் திரும்பினர். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. மீண்டும் லட்சக்கணக்கானோர், இம்முறை கப்பலில், தாயகம் வந்தனர். தமிழ்நாட்டு முகாம்களில் ஒட்டாத சிலர், பிறந்த மண்ணுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வரை சென்று தரைவழியே பர்மாவுக்குள் நுழையப் பார்த்தனர். எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் அங்கேயே மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உள்ளன. எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் தாமு.