ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

சில வருஷங்களுக்கு முன் ராமானுஜன் ஜயந்திக் கூட்டம் ஒன்றில் பேசியவர், "நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள், அவர் எழுதினார், அதில் பிழைக்கே இடமில்லை" என்றார். எல்லோரும் கை தட்டினோம். வீட்டுக்கு வந்தபின் மனசு ஒப்பவில்லை. 293318625600 என்ற எண் ஞாபகத்துக்கு வந்தது. நம் வழக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

விஷயம் இதுதான். 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுஎண்கள் கொண்டதை ராமானுஜன் 'ஹைலி காம்போஸிட்' எண் என்றார். 24, 60, 360 எல்லாம் இந்த வகை. (நாளுக்கு 60 நாழிகை வைத்தது பங்கு போட எவ்வளவு வசதி!)

1914-ல் கேம்பிரிட்ஜ் சென்றவர், 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இதுபற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இங்கே எஃப்.ஏ. தேறாத அவருக்கு 1916-ல் பி.ஏ. பட்டம் கிடைத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். கட்டுரையில் இத்தகைய எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதன் கடைசி எண் 6746328388800. கம்ப்யூட்டர் இல்லாத காலம். நடுவில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. அதுதான் மேலே சொன்ன எண்.

காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து நானும் சரிபார்த்தேன். 2-ஐ ஆறு தடவை, 3-ஐ நான்கு தடவை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு தடவை போட்டுப் பெருக்கினால் அந்த எண் வருகிறது. தடவைக் கணக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டி, 7×5×3×3×2×2×2×2 என்று பெருக்கினால் 5040. அத்தனை வகுஎண்கள்! பட்டியலிலோ 4608 வகுஎண்கள் உள்ள எண்ணுக்கு அடுத்து நேரே 5376 உள்ளது வந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே கிடைக்கிறது.

இதைச் சொன்னால் நம்மவர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கோ அவரிடம் மதிப்பு கூடுகிறது. தாயார் கிருபையை நான் மறுக்கவில்லை. அவரே அப்படித்தான் சொன்னார். ஆனால் கையால் பெருக்கிப் பெருக்கி எழுதியவருக்குத்தான் இப்படி ஒன்று நழுவும். அந்த உழைப்பைக் கனவுக் கதைக்குள் மறைத்துவிடுகிறோம்.

வருத்தப்பட வேண்டியது வேறொன்று. யுத்த காலம், சங்கத்துக்குப் பணக் கஷ்டம். கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. 1988-ல்தான் அது 'லாஸ்ட் நோட்புக்' தொகுப்பில் வெளிவந்தது. 1997-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் நிகோலாவும் ரோபனும் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள். வகுஎண்களின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்பதை, ரீமான் கருதுகோள் உண்மையானால் பெரிய எண்களுக்கெல்லாம் பொருந்தும் என்று ராமானுஜன் அதில் காட்டியிருந்தார். அந்த வரம்பு ஓர் எண்ணுக்கு மேல் எங்குமே மீறப்படாது என்பதும் ரீமான் கருதுகோளும் ஒன்றேதான் என்று ரோபன் 1984-ல் நிரூபித்தார். அந்த எண் 5040.