ஸ்லீப் (சேர்ந்திசை)

ஸ்லீப் என்பது அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டக்கர் (பிறப்பு: ஜனவரி 2, 1970) 2000 ஆம் ஆண்டில் அமைத்த சேர்ந்திசைப் படைப்பு ஆகும். இசைக்கருவிகளின் துணையின்றிப் பல குரல்கள் மட்டுமே பாடும் இதன் தலைப்புக்கு உறக்கம் என்று பொருள். இன்று பாடப்படும் சொற்கள் இந்த இசை முதலில் அமைக்கப்பட்டபோது இருந்தவை அல்ல.

பின்னணி

டெக்சாசு மாநிலத்தின் ஆசுட்டின் நகரப் பாடகி ஒருவர், மறைந்த தம் பெற்றோரின் நினைவாக, ராபர்ட் புரோஸ்ட் எழுதிய "ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவினிங்" என்னும் கவிதைக்கு இசையமைக்குமாறு விட்டக்கரிடம் கேட்டார். அனுமதி பெறும் முன்னரே இசை முடிந்து, அரங்கேற்றமும் நிகழ்ந்தது. பின்னர் கவிதையின் உரிமையாளர்கள் அதனைப் பயன்படுத்தத் தடை விதித்தனர்.

பதிப்புரிமைச் சிக்கல்

புரோஸ்ட் 1963 இல் இறந்தார். 1923 இல் வெளியான இக்கவிதையின் உரிமை, முந்தைய அமெரிக்கச் சட்டப்படி 75 ஆண்டுகள் கழிந்து 1998 இறுதியில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் இயற்றப்பட்ட சட்டம் அக்காலத்தை 95 ஆண்டுகளாக நீட்டித்தது. இரண்டு மாத இடைவெளியில் கவிதை மேலும் 20 ஆண்டுகள் பூட்டப்பட்டது.

புதிய சொற்கள்

இசையைக் கைவிட விரும்பாத விட்டக்கர், தம் நண்பரும் கவிஞருமான சார்லஸ் அந்தோனி சில்வெஸ்திரியை அணுகினார். மெட்டுக்குச் சொல் எழுதுவதிலும் இது கடினமானது. அசை எண்ணிக்கையும் அழுத்தமும் பழைய கவிதையோடு பொருந்த வேண்டும். நீண்டு ஒலிக்கும் சுரங்களில் அதற்கேற்ற உயிரொலிகள் அமைய வேண்டும். பொருளோ முற்றிலும் வேறாக இருக்க வேண்டும். சில்வெஸ்திரி உறக்கத்திற்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட நிலையைப் பாடுபொருளாகக் கொண்டார். புரோஸ்டின் கவிதை முடியும் 'ஸ்லீப்' என்ற சொல்லிலேயே இதுவும் முடிகிறது. படைப்பின் இறுதியில் இச்சொல் திரும்பத் திரும்ப ஒலித்துத் தேய்ந்து மறைவதால், அதை மாற்றியிருந்தால் இசையே குலைந்திருக்கும்.

இணையச் சேர்ந்திசை

2011 இல் விட்டக்கரின் இரண்டாம் இணையச் சேர்ந்திசைக்கு இப்படைப்பே தேர்ந்தெடுக்கப்பட்டது. 58 நாடுகளைச் சேர்ந்தோர், அவர் கையசைத்து நடத்தும் காணொளியைப் பார்த்தபடி தத்தம் பகுதியைத் தனியே பாடிப் பதிந்தனுப்பினர். இவ்வாறு வந்த 2,000க்கும் மேற்பட்ட காணொளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன.

தற்போதைய நிலை

புரோஸ்டின் கவிதை சனவரி 1, 2019 அன்று அமெரிக்காவில் பொது உரிமைப் பரப்பில் சேர்ந்ததால் சட்டத்தடை நீங்கியது. எனினும் அதற்குள் உலகெங்கும் பாடற்குழுக்களிடம் வேரூன்றியிருந்தது சில்வெஸ்திரியின் வடிவமே. புரோஸ்டின் சொற்களைக் கொண்ட தம் வடிவம் இனி இல்லை என விட்டக்கர் முன்னரே அறிவித்திருந்தார்.