துரைமார் ஆட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் பெருஞ்சாலை பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை என்று மேலேறிப் போக, மற்றது கொஸ்லந்தை, வெல்லவாய என்று பள்ளத்தை நோக்கி இறங்கிவிடுகிறது. இச்சந்தியைச் சுற்றிய மலைகளில், கிரிக்கெட் ஆட்டத்துக்கு அவசியமான இருபத்திரண்டு கெஜச் சமநிலம் கண்ணில் படுவதே அபூர்வம். பட்டால் அதில் ஒரு தேயிலை ஸ்டோரோ, துரை பங்களாவோ முன்னமே எழும்பியிருக்கும். எஞ்சிய சரிவெல்லாம் கொழுந்துக்கு. கொழுந்துக்கும் உதவாத மூலை லயத்துக்கு. இம்மலைகள் அடங்கிய ஊவா மாகாணத்தின் கிரிக்கெட் சரித்திரத்தை எழுதப் புகுகிறவன் இந்தப் பூகோளத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1832-ஆம் ஆண்டிலேயே கொழும்பில் ஆங்கிலப் பட்டாளத்தார் ஆடத் தொடங்கிய இவ்வாட்டம், கோப்பித் துரைமாரோடு மலையேறிற்று. 1869-இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அடியோடு அழித்து, அதன் ஸ்தானத்தில் தேயிலை வந்து, 1893-இல் ரயிலும் அப்புத்தளையை எட்டிய பிறகு, மலைநாட்டுத் துரைமாருக்கும் கொழும்பு வெள்ளையருக்கும் இடையிலான பந்தயங்கள் அக்காலத்துச் சமூக வாழ்வின் ஒரு விசேஷமாகவே ஆகிவிட்டன. அந்த ஆட்டத்தில் தோட்டத்து ஜனங்களுக்குப் பங்கே இல்லையென்று சொல்வதற்கில்லை. புல் வெட்டவும் ரோலர் இழுக்கவும் வேலிக்கு வெளியே போன பந்தைத் தேடிக் கொண்டுவரவும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

கொழும்பில் 1899-இல் தோன்றிய தமிழ் யூனியன் என்னும் கழகத்தின் கதையைக் கேட்டால், பெயரை வைத்தே அது நம்முடையது என்று சொந்தம் கொண்டாட மலைநாட்டுத் தமிழனுக்கு ஆசை பிறக்கும். பொரளைப் பக்கத்துச் சதுப்பு நிலத்தைத் தூர்த்து அக்கழகத்துக்கு ஓவல் மைதானத்தை உண்டாக்கப் பெரும் பிரயத்தனம் செய்தவர் பா. சரவணமுத்து, உத்தியோகத்தால் அவர் தேயிலைக் கட்டுப்பாட்டு அதிகாரியாகவும் இருந்தார் என்பது நமக்குச் சுவையான செய்தி. அக்கழகத்தின் ரத்தினம் மகாதேவ சதாசிவம், சேப்பாக்கத்தில் இலங்கைக்காக 215 ஓட்டங்கள் குவித்தவர். 1948 மார்ச்சில் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி அதே ஓவலில் ஆடியபோது, இலங்கையின் தலைவராக நின்றவரும் அவரே. (ஆடுகளம் இரண்டு கெஜம் குறைவாக இருந்ததை ஆட்டத்தின் நடுவில்தான் கண்டுபிடித்தார்களாம்.) தமிழர் ஒருவர் இலங்கைக்குத் தலைமை தாங்கிய அவ்வாண்டு முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்து, ஏறக்குறைய ஏழு லட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கிற்று. கழகத்தின் பெயரிலிருந்த தமிழும் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் அன்றாட வேலைக்குப் பேர் கொடுத்த தமிழும் அன்று ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை.

தோட்டத்துப் பிள்ளை அக்கழகத்தை எட்டாததற்குக் கழகத்தை மாத்திரம் குறைகூறுவது நியாயமாகாது. இலங்கையில் ஆட்டக்காரன் உருவாவது கழகத்தில் அல்ல. பெரிய கல்லூரியின் கடினபந்து மைதானத்தில் பதினெட்டு வயதுக்குள் அவன் பெரும்பாலும் தயாராகிவிடுகிறான், கழகம் அவனை வாங்கிச் சாணை பிடிக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடமோ, 1970-களில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை, பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் ஓரறைக் கட்டடம். அதிலிருந்து கழகத்துக்கு ஏணி இல்லை.

ஆயினும் கழகம்வரை ஏறியவர் ஒருவர் உண்டு. ஆனால் ஏறிய விதத்தைக் கவனிக்க வேண்டும். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தகப்பனாரோ தோட்டத்தை விட்டகன்று கண்டிப் பக்கத்தில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். ஆகவே பையனுக்குக் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி கிட்டிற்று. மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்தவனைப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்குத் திருப்பிய சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநரும் அங்கேயே வாய்த்தார். அதன்பின் தமிழ் யூனியன். 1992 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். 2010-இல் காலியில் எண்ணூறாவது விக்கெட். இரண்டு தலைமுறைக்கு முன் மலையேறிய குடும்பம் லயத்தை விட்டு வெளியேறியதாலேயே இது சித்தித்தது என்றால் மிகையில்லை.

2012-இல் நடந்த இலங்கை பிரீமியர் லீக்கில் ‘ஊவா நெக்ஸ்ட்’ என்றொரு தொழில்முறை அணி புறப்பட்டு, ஆகஸ்ட் இறுதியில் கிண்ணத்தையும் வென்றது. ஆட்டங்கள் எல்லாம் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன. ஊவாவில் ஒன்றுகூட இல்லை. மறுவருஷம் போட்டியே கைவிடப்பட்டது. ஒரு மாகாணத்தின் பெயரைச் சட்டையில் தைத்துக்கொண்டு, மூன்று வாரத்தில் வென்று, கலைந்துபோன அந்த அணியால் பதுளைப் பிள்ளை எவனும் ஒரு பந்து கூடுதலாக வீசக் கற்றதாக நான் எண்ணவில்லை.

தோட்டத்துப் பையன்கள் இன்றும் ஆடத்தான் செய்கிறார்கள். பலகையைச் செதுக்கிய துடுப்பும் மென்பந்துமாய், ஸ்டோர் முற்றத்திலோ கோயில் வாசலிலோ ஆட்டம் நடக்கும். தேயிலைக்குள் விழுந்த பந்தைத் தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். தோட்டக் கம்பனிகள் தோட்டத்துக்கு ஓர் ஏக்கர்ச் சமநிலத்தைப் பாடசாலையின் பெயருக்கு எழுதிக்கொடுக்கவும், மாகாணக் கல்வித் திணைக்களம் அதில் மெட்டிங் விரித்த ஆடுகளமும் கடினபந்துப் பயிற்சிக்கு ஓர் ஆசிரியரும் தரவும் வேண்டும். பெரகல வட்டாரத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.